விளங்கேல்லை அக்காவும் கற்பூரக் கட்டுரையும்

ஒக்லாந்தில் வந்திறங்கிய எந்தத் தமிழனும் விளங்கேல்லை அக்காவிடம் ஒரு வசனத்தை முதல் தரத்திலேயே சொல்லித் தப்பியதில்லை. தொலைக்காட்சியில் மழை வரும் என்று சொன்னவனைப் பார்த்துக்கூட, "விளங்கேல்லை. எங்கட வளவுக்கோ?" என்று கேட்பார். ஐயர் "பூசை முடியப் பிரசாதம்" என்றால், "எந்தக் கதவடியில, ஐயா?"

தொண்ணூறுகளில் ஒக்லாந்தின் மங்கரேப் பகுதியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமைப் பூசை செய்துவந்தோம். ஒரு வெள்ளி, கற்பூரப் புகைக்கு அலாரம் அலறித் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே நின்றோம். மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரக் கிழவர், "உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். விளங்கினால்தான் இனி மண்டபம்" என்றுவிட்டார். பிள்ளையாருக்கு வேறு போக்கிடம் இல்லை.

எங்கள் ஆங்கிலம் மூலைக்கடை டெய்ரியில் பால் வாங்கத்தான் காணும். ஆகவே ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதென்று முடிவாயிற்று. அக்காதான் அவர்களுக்கு ரீச்சர்.

என் மகள் சுமதி ஆங்கிலத்தில் எழுதியதன் கருத்து இது: "நாங்கள் அதைக் கொளுத்திச் சுற்றுவோம். பிறகு எல்லாரும் தொட்டுக் கும்பிடுவோம்."

"விளங்கேல்லை. எதைக் கொளுத்திறியள்? மண்டபத்தையோ?"

"அன்ரி, எவ்ரிபடி நோஸ்!"

"கிழவருக்குத் தெரியாதே, பிள்ளை. திருப்பி எழுதும்."

எழுதினாள். அக்கா கிழவராக நடித்து, சப்பாத்தோடு உள்ளே வந்து, "நெருப்பை ஆர் அணைக்கிறது?" என்று உறுமினார். மறுபடி எழுதினாள். "எவ்வளவு பெரிய நெருப்பு?" 'நகமளவு' என்று ஒரு சொல் சேர்ந்தது. பிள்ளை அழாத குறை. பொறுக்காமல் நான் குறுக்கே போனேன்.

"அக்கா, பிள்ளையாரின்ர மகிமையையும் ஒரு பந்தி போடுவம்."

"அது இருக்கட்டும், தம்பி. கற்பூரம் ஏன் கொளுத்திறம்? சொல்லுங்கோ பாப்பம்."

பிறந்ததிலிருந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன், விடை இருக்குமோ என்று மகளின் கொப்பியை எட்டிப் பார்த்தேன்.

சுமதிதான் மெல்லச் சொன்னாள்: "இட் லீவ்ஸ் நத்திங், அப்பா. எரிஞ்சா ஒரு மிச்சமும் இல்லை. நாங்களும் அப்பிடி வரவேணும் எண்டு."

"எழுதடி பிள்ளை, அதை எழுது!" அக்கா துள்ளிவிட்டார். மகிமை, கும்பிடு எல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் நின்றது அரைப் பக்கம்.

கிழவர் நின்றபடியே வாசித்தார். பிறகு போய், பிள்ளையாருக்கு நேரே இருந்த ஜன்னலை அகலத் திறந்து, "இங்கே வைத்துக் கொளுத்துங்கள்" என்றார்.

அன்று தொடக்கம் எங்கள் குடும்ப அர்ச்சனையில் அக்காவின் பெயரையும் சொல்கிறேன். நட்சத்திரம் மட்டும் தெரியாது. கேட்கப் பயம்.