கடைசி ரீலில் முதலில் பேசியவர் யார்?

மல்லசமுத்திரம்
சித்திரை, 1979

சேலத்தில் இருக்கும் தம்பி வேலுமணிக்கு அண்ணன் ராசப்பன் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம், எருமைக்கும் இப்போது தேவலை. உன் வீட்டுச் சுகத்துக்கு எழுதவும்.

விஷயம் என்னவென்றால், நானும் ஜவுளிக்கடை கலீலுல்லா பாயும் இப்போது பேசிக்கொள்வதில்லை. நம்மூர் டூரிங் கொட்டகையில் ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தான். இரண்டு நடுவயசுச் சிநேகிதர்கள் கூட்டாக ஓட்டை லாரி வாங்கி ஓட்டுகிற கதை. ஒல்லி ஆள் டிரைவர். மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி டயருக்குக் கல் வைப்பது குண்டு ஆளின் வேலை. ஒரு மேட்டில் அவன் கல்லுக்குப் பதிலாகத் தன் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டான். நானும் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். பாய் என் தொடையில் தட்டி, “மச்சான், இது அச்சு அசல் நீங்கதானுங்க” என்றார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கொட்டகையே திரும்பி என்னைப் பார்த்து இன்னொரு தரம் சிரித்தது. நானும் சும்மா இராமல், “அப்ப டீக்குக் காசு எடுக்காத அந்த டிரைவர் நீங்கதானுங்க பாய்” என்றேன். அதற்குச் சிரிப்பு இன்னும் அதிகம். அந்த நேரம் பார்த்துப் படத்திலும் அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். கடைசி ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் பாய் ஒரு பக்கமாக வெளியேறினார், நான் மறுபக்கமாக. சைக்கிள் என்னுடையது, அவர் நடந்து போனார். அவர் வாங்கிய முறுக்கு என் மடியில் இருந்தது. வழியெல்லாம் தின்றுகொண்டு வந்தேன், ருசிக்கவில்லை.

வைகாசியில் மகள் சௌந்திரத்துக்குக் கல்யாணம். நம் வீட்டில் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது பாய் வீட்டுக்கு என்பது உனக்கே தெரியும். உன் அண்ணி பழனியம்மாள், “அவருக்கு வெக்காம ஒரு ஊட்டுக்கும் பத்திரிகை போவாதுங்க” என்று கட்டோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நானாகப் போனால் அந்தக் குண்டன் நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அவர் இல்லாத பந்தலை நினைத்தால் சோறும் இறங்கவில்லை.

ஆகையால் ஒரு உதவி. இங்கே படத்தை மாற்றிவிட்டான், ஊரில் யாரிடமும் கேட்கவும் வெட்கம். அந்தப் படம் சேலத்தில் ஓடினால் போய்ப் பார். கடைசியில் அவர்கள் சேர்ந்துதான் இருப்பார்கள். யார் முதலில் பேசினார் என்று மட்டும் எழுது. குண்டன் என்றால் நான் போகிறேன். டிரைவர் என்றால் பாய் வரட்டும். சினிமாக்காரன் யோசிக்காமலா எடுத்திருப்பான்?

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கொண்டீசுவரர் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ராசப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போன இடத்தில், படம் திருச்செங்கோட்டில் ஓடுவதாகச் சொன்னார்கள். உடனே பஸ் ஏறினேன். உள்ளே பாய். தங்கை ரபியாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் மாட்டுக்குக் கயிறு வாங்கப் போவதாகச் சொன்னேன். கடைசியில் கொட்டகை டிக்கெட் கவுண்டரில் முன்னும் பின்னுமாக நின்றோம். முறைப்படி நாளை குடும்பத்தோடு பாய் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைக்கிறோம். ஆனால் கடைசி ரீலில் முதலில் பேசியது யார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பேச்சு சுவாரசியத்தில் படத்தைக் கவனிக்கவில்லை. நீ பார்த்து எழுது, பாயும் கேட்கச் சொன்னார்.