புல்லறுப்பு நேரத்தில் உலகம் முடிந்த கதை

எங்கள் பள்ளத்தாக்கின் தலைவர் கெய்ர்மண்ட் நார்வேக்குக் கப்பலேறியபோது, திரும்பி வருகையில் மரம் கொண்டுவருவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஐஸ்லாந்தில் எங்களுக்கு எல்லாம் உண்டு, கூரைக்கு உத்தரம் மட்டும் கிடையாது. அவர் ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினார்.

கன்றுக்குட்டி உயரம். அது குரைத்தால் எதிர்மலை திருப்பிக் குரைத்தது. நார்வேயில் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் இப்போது இப்படி ஒரு நாய் நிற்பதுதான் மரியாதையாம். நம் தலைவர் அவர்களைவிட ஒரு படி மேலே போக விரும்பி, நாய்க்குக் கார்ம் என்று பெயர் சூட்டினார்.

கார்ம் யாரென்று எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். செத்தவர்கள் போய்ச் சேரும் ஹெல்லின் வாசலில், மார்பெல்லாம் ரத்தமாக, சங்கிலியில் நிற்கும் நாய் அது. இல்லாதவனுக்கு ரொட்டி கொடுத்து வாழ்ந்தவர்கள் வந்தால், அவர்களிடமும் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டுதான் வழிவிடும். அது என்றைக்குச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறதோ, அன்றைக்குச் சூரியன் கறுக்கும், தேவர்கள் மடிவார்கள், உலகம் முடியும்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது, பெயருக்குரிய ஏற்பாடுகள் வேண்டும் என்று மன்றம் கூடி முடிவெடுத்தது. நாயின் மார்பில் ஆட்டு ரத்தம் பூசினார்கள். ஈ மொய்த்தது. ஆகவே காட்டுப்பழச் சாறு பூசலாம் என்று திருத்தம் வந்தது. தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் நாய்க்கு ஒரு ரொட்டி கொண்டுவர வேண்டும் என்றும் ஆயிற்று. சங்கிலிக் கண்காணிப்பாளர் என்று ஒரு பதவி உண்டாக்கி, அதில் ஸ்கெக்கியை அமர்த்தினார்கள். ஆடு மேய்க்கப் போய் மந்தையையே தொலைத்துவிட்டு வந்தவர் அவர். காவல் விஷயத்தில் அந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

ரொட்டிகள் வந்தன. ஸ்கெக்கி நாளுக்கு நாள் பூரித்தார். நாய் நாளுக்கு நாள் இளைத்தது. நாங்கள் இரண்டையும் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. யாருக்குத்தான் தலைவரிடம் காரியம் இல்லை?

குளிர்காலத்துக்கு ஆட்டுத் தீனி சேர்க்கும் புல்லறுப்புத் தொடங்கிய வாரம், ஒரு காலையில் வாசலில் சங்கிலி இருந்தது, கழுத்துப்பட்டை இருந்தது, நாய் இல்லை. மெலிந்த கழுத்தைப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது.

மன்றம் அவசரமாகக் கூடியது.

"சங்கிலி அறலயே? அப்புறம் எப்படி உலகம் முடியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"நாய் ஓடுதுன்னுதான் பழைய பாட்டுல வருது. சங்கிலி அறுறதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்," என்றார் தலைவர்.

"சூரியன் பளபளன்னு இருக்குதே தலைவரே?"

"அதுக்கு இன்னும் சேதி போகல."

இதற்குமேல் யாருக்கும் கேள்வி இல்லை. உலகம் இன்று காலையோடு முடிவுற்றதென்றும், முடிவுற்ற உலகில் அரிவாள் தூக்குவது தேவர்களை அவமதிப்பதாகும் என்றும், ஆதலால் எல்லா வேலைகளும் நிறுத்தப்படுகின்றன என்றும் அறிவிக்கப்பட்டது. அழுதபடிதான் கலைந்தோம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே, இனி மீதி வைத்து என்ன பயன் என்று பீர்ப் பீப்பாய்களைத் திறந்துவிட்டோம். கருவாட்டில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தின்றோம். முதுகு வலி இல்லாத புல்லறுப்புக் காலத்தை என் ஆயுளில் அப்போதுதான் கண்டேன்.

அரிவாளைக் கீழே வைக்காதவள் ஸ்டெய்ன்வோர் ஒருத்திதான். ஸ்கெக்கியின் அண்ணன் மனைவி. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு தனியாகப் பண்ணையை நடத்துகிறவள். அவள் வயலில் புல் சாய்கிற சத்தம் கேட்டு ஸ்கெக்கி ஓடினார். எனக்கும் வேறு வேலை இல்லாததால் பின்னாலேயே போனேன்.

"அண்ணி! என்ன பண்றீங்க? உலகம் முடிஞ்சுபோச்சு!"

"தெரியும் கொழுந்தனாரே. அது என் ஆட்டுக்குத் தெரியல. பசிக்குதுன்னு கத்துது."

"கார்ம் ஓடிருச்சு அண்ணி!"

"எங்க ஓடுச்சு? அந்தா பாரு."

கார்ம் அவள் வீட்டுச் சுவரோரம் படுத்திருந்தது. முன்னால் மோர்ச் சட்டி. பக்கத்தில் அவளுடைய மேய்ச்சல் நாய் ஃப்ளெக்கா அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. உலகத்தின் முடிவு வாலை ஆட்டியது.

"வந்தப்போ எலும்பெல்லாம் எண்ணிரலாம் போல இருந்துச்சு. ரொட்டி போட்டேன். கூட்டிட்டுப் போ," என்றாள்.

ஸ்கெக்கி ஓரடி பின்வாங்கினார். "அது முடியாது அண்ணி. ஓடின நாய் ஓடினதுதான். உலகம் முடிஞ்சதுக்கப்புறம் நாயைத் திருப்பி வாங்க வழி கிடையாது."

"உலகமே முடிஞ்சுபோச்சுன்னா நீ மட்டும் என்னடா அதிகாரி?"

ஸ்கெக்கி தொப்பையை உள்ளிழுத்து நிமிர்ந்து நின்றார்.

"இடைக்காலப் பொறுப்பு," என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த வரிசையை அறுத்தாள். அவளைத் தடுக்க வேண்டும் என்று மன்றத்தில் பேச்சு எழுந்தது உண்மைதான். போய்த் தடுக்கிற அளவுக்குத் தெளிவாக யாரும் இல்லை.

பிறகு மழை பிடித்தது. வானம் கறுத்தபோது, "பாத்தீங்களா, சேதி போயிருச்சு!" என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். மழை விட்டபோது அறுக்காமல் நின்ற புல் அத்தனையும் தரையோடு படுத்து அழுகிக் கிடந்தது. ஸ்டெய்ன்வோரின் கொட்டகை மட்டும் கூரை முட்ட நிறைந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் கறிக்குப் பஞ்சமில்லை. தீனி போட முடியாத ஆட்டை வேறு என்ன செய்வது? நான் ஆசையாய் வளர்த்த கொம்பில்லாத ஆட்டைத் தின்ற அன்று என் மனைவி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மிஞ்சியவற்றைக் காப்பாற்ற ஒவ்வொருவராக ஸ்டெய்ன்வோர் கதவைத் தட்டினோம். கடைசியாகத் தலைவரே பனியில் நடந்து வந்தார்.

"குடுக்கிறேன் தலைவரே. ஆனா முடிஞ்ச உலகத்துக்குப் புல்லு எதுக்கு? முதல்ல உங்க மன்றம் ஒரு வழி சொல்லட்டும்," என்றாள் அவள்.

அன்றே மன்றம் கூடியது. மறு அறிவிப்பு வரும்வரை உலகம் தொடர்ந்து நடைபெறும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். உலகம் முடிந்தும் பள்ளத்தாக்கு பிழைத்தது தலைவரின் தொலைநோக்கால்தான் என்று ஸ்கெக்கி கண்ணீர் மல்கப் பேசினார். நாங்கள் கேடயங்களைத் தட்டி ஆமோதித்தோம். ஸ்டெய்ன்வோர் மன்றத்துக்கு வரவில்லை. ஆளாளுக்குப் புல்லைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஃப்ளெக்கா குட்டி போட்டிருந்தது. எல்லாம் தகப்பன் சாயல். பெரிய பாதம், பெரிய வாய். செய்தி பரவியதும் அவள் வாசலில் புல்லுக்கு நின்றதைவிடப் பெரிய கூட்டம் நின்றது. தலைவருக்கு மட்டும்தான் கார்ம் வாய்க்க வேண்டுமா? கௌரவம் எல்லோருக்கும் பொதுதானே. சண்டை போட்டு, கெஞ்சி, பழைய உறவுமுறை சொல்லி, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கட்டினோம்.

எனக்குக் கிடைத்தது கொஞ்சம் சோம்பேறி. ஆனால் பல் நன்றாக இருக்கிறது. புல்லறுப்பு நெருங்குகிறது, என் முதுகு இப்போதே வலிக்கிறது. இரும்புச் சங்கிலி குட்டிக்குக் கனமாக இருக்குமே என்று, போன வாரம் அதைக் கழற்றிவிட்டு வைக்கோல் கயிற்றால் கட்டியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணைகளில் எட்டிப் பார்த்தேன். எல்லாருமே கயிறுதான்.