சுகர் தீர்ந்துபோச்சு சார்

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டால் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். அப்படிப்பட்டவன் தனக்குச் சுகர் இருப்பதை ஊருக்குச் சொல்வானா? கம்பெனியில் மத்தியான ஊசியைக் கக்கூசுக்குள் போய்த்தான் போட்டுக்கொள்வேன். (உள்ளே என்ன செய்கிறான் என்று கூட வேலை செய்பவர்கள் நினைத்தது தனிக்கதை.)

கொரோனா ஊரடங்கு வந்தது. சுகர்காரர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்து, சுகரைக் கட்டுக்குள் வையுங்கள் என்று டிவியில் நாள் முழுக்கச் சொன்னார்கள். நானும் வைத்திருப்பேன், ஆனால் இன்சுலின் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர் புதுவாயலில் மெடிக்கல் எதிலும் இல்லை. ஒருநாள் ஊசி இல்லாததற்கே நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. டாக்டர் சீட்டைப் பனியனுக்குள் ஒளித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வண்டியைக் கிளப்பினேன்.

ஹைவேயில் போலீஸ் மறித்தது. அங்கே எங்கள் கம்பெனி ஆட்கள் நாலு பேர் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கய்யா போற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுகரு சார்... ஊட்ல தீர்ந்துபோச்சு." மருந்து என்கிற வார்த்தை மட்டும் மாஸ்கைத் தாண்டவில்லை.

"அதுக்கு கும்மிடிப்பூண்டியா? நாலு நாளு சக்கர இல்லாம டீ குடிச்சா செத்தா பூடுவ?"

அப்படித்தான் சார் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

பக்கத்திலிருந்த பெண் போலீஸுக்கு மனம் இளகியது. "பாவம் சார், டீ இல்லாம மூஞ்சி எப்டி வாடிக்கிது பாருங்க" என்று நிவாரணப் பையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரையை எடுத்துக் கையில் வைத்தார். நன்றி சொல்லி வண்டியைத் திருப்பினேன்.

என் மனைவி பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுகர எறக்க மருந்து வாங்கினு வரச்சொன்னா, ஏத்திக்கறதுக்கு வாங்கினு வந்துகிறியா? எடுய்யா வண்டிய!"

போலீஸ் நின்ற இடத்தில் வண்டி நிற்கும் முன்பே குதித்தாள். "சார்! இந்தாளுக்குத்தான் சுகரு! மூணு வேள ஊசி! நேத்துலேருந்து மருந்து இல்ல. வாயத் தொறந்து சொல்ல வெக்கம் சார் இதுக்கு!"

தோப்புக்கரணம் பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் என்னை ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், தொப்பிக்குள்ளிருந்து ஒரு டாக்டர் சீட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதான்யா. சேத்து வாங்கிக்கினு வந்துடு. மெதுவா பேசு, நம்ம ஸ்டேஷன் பசங்களுக்குத் தெரியாது."

இரண்டு பேருக்கும் வாங்கி வந்தோம். அவருடையதைப் பேப்பரில் சுற்றி, பிஸ்கட் என்று சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் மகள் இப்போது கல்யாணமாகி மணவாள நகரில் இருக்கிறாள். போனில், "இன்னிக்கு சுகர் கொஞ்சம் கம்மிம்மா" என்று நான் ஆரம்பித்தால் போதும்.

"டப்பாலயா நைனா, ஒடம்புலயா?" என்பாள். பின்னால் மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்கு நன்றாகவே கேட்கும்.