சலமன்காவுக்கு ஒற்றைச் சீட்டு

லுவார்காத் துறைமுகத்தில் மீன் விற்கும் ஒப்தூலியா, ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்லும் வழக்கமில்லாதவள். மீன் விலையாயினும் வீட்டுப் பேச்சாயினும் ஒருமுறைதான். ஆயினும் அவ்விளவேனிலில், "சலமன்காவுக்கு நான் தனியாப் போறேன், ரெண்டு நாள்" என்பதை மட்டும் அவள் ஓயாமல் சொல்ல நேர்ந்தது.

சலமன்காவின் பொன்னிறக் கற்கட்டடங்களைப் படத்தில் பார்த்து அவள் மயங்கியது மெய்யே. ஆனால் அவ்வூரின் தலையாய சிறப்பு வேறு. அங்கே அவளைக் கூப்பிட ஒருவருமில்லை. இங்கேயோ உப்பு இருக்குமிடம் கணவனுக்குத் தெரியாது. எவருக்குச் சுளுக்கினாலும் தெருவார் தட்டுவது அவள் கதவைத்தான்.

கணவன் பெர்மின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"தாராளமாப் போயிட்டு வா. ராத்திரிக்கு எனக்குச் சாப்பாடு?"

"சமைச்சு வச்சிட்டுப் போறேன்."

"அதை யாரு சூடு பண்றது?"

இதற்கு விடையாக அவள் நாத்தனார் கசில்தாவை அழைத்தாள். அதுவே முதற்பிழை. அண்ணன் வீட்டு அடுப்பைக் காக்கத் தான் வேலைக்காரியா என்று முகம் திருப்பிய கசில்தா, அண்ணியோடு தானும் வருவதாக அறிவித்தாள்.

அவளை அஞ்சி ஓடச் செய்யும்பொருட்டு, தான் தங்கப்போவது கன்னியர் மடம் என்றும், அங்கே பலகைக் கட்டில், பச்சைத் தண்ணீர்க் குளியல், விடியுமுன் செபம் என்றும் ஒப்தூலியா அளந்துவிட்டாள். கசில்தாவின் கண்கள் கலங்கின.

"உங்களைப் போய் தப்பா நெனச்சிட்டேனே அண்ணி. இவ்வளவு புண்ணியத்தை ஒருத்தியாவா அனுபவிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வருவதற்குள், தெருப் பெண்களின் செபக்கூட்டம் முழுவதும் பயணத்துக்கு ஆயத்தமாயிற்று.

மடத்தில் ஆண்களுக்கு இடமில்லை என்று சொன்னால் கணவன்மார் தத்தம் மனைவியரைத் தடுத்துவிடுவர் என எண்ணி, அதையும் சொல்லிப் பார்த்தாள். மனைவியர் இல்லையேல் இராச்சாப்பாடும் இல்லை என்பதை அன்றே உணர்ந்த ஆண்கள், மடத்துக்கு எதிரில் ஒரு விடுதி பிடித்தனர். முதலில் பேசியிருந்த சிறு வண்டி போய்ப் பெரிய பேருந்து வந்தது.

"நீங்க எல்லாரும் அதுல போங்க. நான் வழக்கமான பஸ்ஸுல தனியாப் போறேன்" என்றாள் ஒப்தூலியா.

"அப்போ வழியில பசிச்சா நாங்க யாரைக் கேக்கிறது?" என்றான் பெர்மின்.

அவளை அவ்வாறு தனியே விட மனமில்லை என்று தெருவார் கூறினர். அவ்வன்பின் அடையாளமாக, பேருந்து முழுமைக்குமான உருளைக்கிழங்கு முட்டை அடையை அவள் கைப்பக்குவத்துக்கே விட்டனர்.

அவள் பணியவில்லை. அடை சுட்டுக்கொண்டே, சலமன்காவில் இறங்கியதும் அவர்கள் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் எந்தப் பக்கம் போவாள் என்று சொல்லிவிட்டால் தாங்களும் அங்கேயே வருவதாக அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டனர்.

சனிக்கிழமை காலையில், பேருந்தின் உள்ளிருந்து பெர்மின் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டான். கசில்தா சன்னலோர இருக்கை யாருக்கு என்று கேட்டாள். பின்வரிசையில் எவருக்கோ இப்போதே வயிற்றைப் பிரட்டியது. கடைசிக் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒப்தூலியா படியில் கால் வைத்தாள்.

அயலூர்க்காரனான ஓட்டுநர், பூட்டிக் கிடந்த கதவுகளைத் தெருக்கோடி வரை ஒருமுறை பார்த்தான்.

"ஏம்மா, நாளை ராத்திரி வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு ஈ காக்கா கூட இருக்காது போலிருக்கே?"

ஒப்தூலியாவும் திரும்பிப் பார்த்தாள். பிறகு படியிலிருந்து காலைக் கீழே எடுத்தாள்.

"கதவைச் சாத்திட்டுக் கெளம்புங்க தம்பி" என்றாள் அமைதியாக. "நான் வரலை. இங்கேயே இருக்கப்போறேன்."