வெள்ளிக்கிழமைக் கருவாடு

மஹய்யாவ ஊர் டக்ளஸ் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். இதயத்தை மனைவி கத்தரீனாவிடமே விட்டுவிடுவது. நாக்கை மட்டும் தானே வைத்துக்கொள்வது.

காரணம் கிளினிக் டொக்டர். கிட்னி களைத்தால் அடுத்து இதயமும் களைக்குமாம். பிரஷர் ஏறுவது, கால் வீங்குவது, சிறுநீரில் புரதம் போவது எல்லாம் அதற்கு முன்கூட்டியே தெரியும் அடையாளங்களாம். உப்பைக் குறைக்கச் சொன்னார். கத்தரீனா உப்புப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தினமும் மாலையில் அவர் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால் அன்றைக்கு வீட்டில் இடி, மின்னல்.

டக்ளஸ் இருந்தது வேறொரு உலகத்தில். ஜன்னலோரக் கதிரையில் சாய்ந்தால், மலையிலிருந்து இறங்கும் பனிமூட்டம்கூடக் கட்டா மீன் கருவாடு பொரியும் புகையாகத் தெரியும். அதிலே மெல்ல மிதப்பார்.

ஒருநாள் மிதந்துபோய்ப் பக்கத்து வீட்டில் இறங்கினார்.

"ஹவ்வா உம்மா, வெள்ளிக்கிழமைல ஒரே ஒரு துண்டு கருவாடு... கத்தரீனாவுக்குத் தெரிய வேணாம்."

உம்மா கொஞ்சம் யோசித்தார். "வாங்க மகன். மத்தத நான் பாத்துக்கொள்றேன்."

அதிலிருந்து வெள்ளிதோறும் டக்ளஸ் நவநாள் செபத்துக்கென்று கோயிலுக்குக் கிளம்பினார்.

"எனக்கும் சேத்து வேண்டிக்கங்க," என்பாள் கத்தரீனா.

நாலு வீடு சுற்றி உம்மாவின் குசினிக்குள் நுழைவார். வாசலிலேயே கருவாட்டு மணம் ஆளைத் தூக்கும். படியில் உம்மாவின் பூனை உருண்டு திரண்டு தூங்கும். டக்ளஸ் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுவார். திறந்தால் கனவு கலைந்துவிடுமே!

"உப்புன்னா இதுதான் உப்பு, உம்மா!"

உம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரீனாவின் பெருவிரல். டக்ளஸ் உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிடுவார். குழி விழாது. போகாத செபத்துக்கும் பலன் உண்டு போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோவார்.

அடுத்த கிளினிக்கில் பிரஷர் இறங்கியிருந்தது. புரதமும் குறைந்திருந்தது. டொக்டர் கைகொடுத்தார். தூறலில் வீடு திரும்பிய டக்ளசுக்குக் கால் தரையில் படவில்லை. இத்தனை பெரிய வெற்றியை எப்படி ஒளித்துவைப்பது?

"கத்தரீனா! கருவாடு தின்னா ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது. நானே சாட்சி! வெள்ளிக்கிழமையெல்லாம் நான் எங்க போனேன் தெரியுமா?"

"தெரியுமே. உம்மா வீட்டுக்கு."

"எ... எப்படி?"

"நீங்க கேட்ட அன்னைக்கே உம்மா வந்து சொல்லிட்டாங்க. மத்தியானமே நான் அங்க போய்ச் சமைச்சு வச்சுட்டு வந்துருவேன். பச்ச மீனு. மெல்லிசா வெட்டி, மிளகும் தேசிக்காய்ப் புளியும் போட்டு, மொறுமொறுன்னு. உப்பு ஒரு கல்லுகூடக் கெடையாது."

"பொய்! மணம் தூக்குச்சே!"

"மணத்துக்கு ஒரு துண்டு கருவாடு தனியா பொரிப்பாங்க உம்மா."

கத்தரீனா குனிந்து, பழக்கத்தில் அவர் கணுக்காலைத் தொட்டாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு கால அழுத்திப் பாக்கிறது?"

டக்ளசுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நாக்கு விடவில்லை.

"அந்த ஒரு துண்டாவது... நான்தானே தின்னேன்?"

"உம்மா வீட்டுப் பூனை பின்ன எதத் தின்னு அப்படிக் கொழுத்திருக்குன்னு நெனச்சீங்க?"