கபுரில் எந்தப் பாஷை?

சாவுக்குப் பயந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். செத்த பிறகு எந்தப் பாஷையில் விசாரிப்பார்களோ என்று பயந்தே இளைத்துப்போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் திண்டுக்கல்லில் எங்கள் தோல் மண்டியில் இருந்தார். தோல்களைத் தரம் பிரிப்பவர். எல்லோருக்கும் அவர் 'பாஷை பாய்'.

அறுபதுகளில் நான் அங்கே குமாஸ்தா. இறந்தவரை அடக்கம் செய்ததும் கபுருக்குள், அதாவது புதைகுழிக்குள், இரண்டு வானவர்கள் வந்து, "உன் இறைவன் யார்?" என்று கேட்பார்கள் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பாய்க்குத் தெரிந்ததோ தமிழ் மட்டும்.

"அரபியில கேட்டா என்னப்பு செய்வேன்? முழிச்சுக்கிட்டு நிப்பேனே!"

"படுத்துல்ல இருப்பீங்க?" என்றேன்.

"எந்திரிச்சு உக்கார வச்சுத்தான் கேப்பாகளாம்" என்றார், இன்னும் வெளிறிப்போய்.

பதில்களை அரபியில் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். அந்த முணுமுணுப்பில் ஆட்டுத்தோல் மாட்டுத்தோலோடு போய்ச் சேர்ந்தது. ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர், "ஏனுங்க பாய், என்னையத் திட்டறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

மனிதன் முதலில் பேசியது அரபிதானா என்று என் பக்கத்து வீட்டுக் கல்லூரி ஆசிரியரிடம் விசாரிக்கச் சொன்னார். முதல் பாஷை எதுவோ அதில்தான் வானவர்களும் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு மொழி காலப்போக்கில் பிரிந்து பலவாகும் என்றும், முதல் மொழி எதுவென்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே தெரியாது என்றும் பதில் வந்தது.

"படிச்சவகளுக்கே தெரியாதா!" என்று பாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போனோம். அவர் சிரித்தார். "முதல் மனுசன் ஆதமுக்கு எல்லாப் பேரையும் கத்துக்குடுத்தவன் அல்லா. உங்க பாஷைகள் வேற வேறயா இருக்கறதே அவனோட அத்தாட்சின்னு குர்ஆன் சொல்லுது. அவனுக்குத் தமிழ் தெரியாதா பாய்?"

வெளியே வந்ததும் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அரபின்னா ஒப்பிச்சுருவேன். தமிழ்ல கேட்டா, யோசிச்சு உண்மையத்தான சொல்லணும்!"

அந்த மாசமே பாய்க்கு டைபாய்டு. பிழைப்பது சந்தேகம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தபோது, கேரளத்து நர்சம்மா அவரைத் தூக்கி உட்காரவைத்து, "பேரெந்தா?" என்றார்.

பாய் கண்ணைத் திறந்தார். வெள்ளை உடுப்பு. புரியாத பாஷை. மனப்பாடம் அத்தனையும் பறந்துவிட்டது. கதறி அழுதுவிட்டார்.

"ஓட்டை விழுந்த தோல நல்ல தோலுன்னு யாருக்கும் தள்ளுனதில்ல. நத்தத்துல இருக்க அக்காகூடத்தான் வீம்புக்குப் பேசாம இருந்துட்டேன். அது என் தப்புதான், மன்னிச்சுருங்க!"

நர்சம்மாவுக்குப் பாதி புரிந்திருக்காது. ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்து, "சாரமில்லா" என்றார்.

காய்ச்சல் இறங்கியதும் பாய் கேட்ட முதல் கேள்வி: "அவுக என்ன சொன்னாக?"

"பரவாயில்லன்னு சொன்னாங்க பாய்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே நத்தம் பஸ் ஏறினார்.

சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவரை அடக்கம் செய்தோம். அக்காவின் பிள்ளைகள்தான் தூக்கிவந்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். கேள்வி கேட்கும் நேரத்தில் அவரைத் தனியாக விட்டுவர எனக்கு மனசு வரவில்லை.