சின்னப்பண்ணைக்கு நான் கலந்து கொடுத்த நிலவேம்பு ஜின்

கிளாஸ் கழுவுகிறவன் ஊருக்குத் திரும்பினால் பதவி உயர்வு தானாக வந்துவிடும். மெட்ராஸில் ஒரு கிளப்பின் மதுக்கூடத்தில் இரண்டு வருடம் நான் செய்தது கிளாஸ் கழுவும் வேலை. பாட்டிலைத் தொடவிட்டதே இல்லை. ஆனால் நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நான் ஜின்னில் என்னென்னவோ கலந்து வெள்ளைக்காரனையே மயக்குகிறவன். (கிளப்பில் அப்போது ஒரு வெள்ளைக்காரன்கூட இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) இப்போது நினைத்தாலும் அந்த இருபத்திரண்டு வயதுப் பயலை இழுத்துவைத்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது. அறைய வேண்டியவர் இன்னொருவரும் உண்டு. அவரை நாங்கள் சின்னப்பண்ணை என்போம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கழக ஆட்சியில் மதுவிலக்கைத் தளர்த்தியிருந்தார்கள். குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டமும் வந்திருந்தது. சட்டம் வந்ததும் எங்கள் பக்கத்து மிராசுதார்களுக்கெல்லாம் மொத்தமாக ஞாபகமறதி வந்துவிட்டது. குத்தகைக்காரனா, அப்படி யாரும் இல்லையே, நாங்களே ஆள் வைத்துத்தானே சாகுபடி செய்கிறோம் என்றார்கள். என் அப்பா சின்னப்பண்ணையின் ஆறு மா நஞ்சையை, அதாவது இரண்டு ஏக்கரை, பதினெட்டு வருடம் உழுதவர். அதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி பாதத்தில் இருந்த பித்தவெடிப்பு மட்டும்தான். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சின்னப்பண்ணை ஒரு கையெழுத்துப் போட்டால் நிலம் எங்களிடம் நிற்கும். போடாவிட்டால் அந்த அறுவடையோடு நாங்கள் வெளியே.

என் பெருமை அவர் காதுக்குப் போனது. ஒருநாள் வரப்பில் அப்பாவை நிறுத்தினார்.

"ஏன்டா கோவிந்தா, ஒம்மவன் மெட்ராஸ்ல ஜின்னுல என்னமோ கலக்குறானாமே. எங்க வீட்டுக்குள்ள பாட்டில் நொழஞ்சா எங்கம்மா விடமாட்டாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒங்க களத்துக்கு வரேன். ஒன் காயிதத்தையும் எடுத்து வையி, பாப்போம்."

அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர் இந்த 'டா' போட்டவர். அதற்கு அப்பா "சரிங்கய்யா" என்றார். இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

சாராய வாடையே பிடிக்காத அப்பா அன்று என்னிடம், "நீ செய்வியாடா?" என்றுதான் கேட்டார். தெரியாது என்று சொல்ல அதுதான் நேரம். "கண்ண மூடிக்கிட்டுச் செய்வேம்ப்பா" என்றேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜின்னோடு டானிக் என்று ஒரு சோடாத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது லேசாகக் கசக்கும். (கழுவ வந்த கிளாஸ்களில் மிச்சம் மீதியை நாக்கில் வைத்துப் பார்த்த அறிவு.) நன்னிலத்தில் டானிக் கேட்டால் மருந்துக்கடையைக் காட்டினார்கள். கோலி சோடா கிடைத்தது. கசப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கொல்லையில் நிலவேம்பு நின்றது. இரண்டு கைப்பிடி பிடுங்கிச் சட்டியில் போட்டுக் காய்ச்சினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கொத்து போதும்டா. காச்சக்காரனே மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் குடிப்பான்."

"இது கிளப்பு முறைம்மா, ஒனக்குப் புரியாது" என்றேன். சட்டி நிறைய இருந்த தண்ணீர் கால் சட்டியாகச் சுண்டும்வரை அடுப்பை ஊதினேன். வடிகட்டி, துளசியைக் கசக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தேன். ருசி பார்த்தேனா? பார்க்கவில்லை. கலக்குகிறவர்கள் ருசி பார்த்து நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பண்ணை, டவுனில் வாங்கிய ஜின் பாட்டிலோடு வந்தார். அவர் உட்கார நாற்காலியும், குடிக்க வெள்ளி டம்ளரும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. எங்கள் வீட்டுப் பாத்திரம் அவருக்கு ஆகாது. எங்கள் வீட்டுக் கஷாயம் ஆகும், எங்கள் கொல்லைத் துளசி ஆகும், எங்கள் உழைப்பு தாராளமாக ஆகும். அந்த டம்ளரிலும் அவர் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பார், அது அவருடைய ஆசாரம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குத்தகைப் பதிவுக் காகிதமும் மசிப்பேனாவுமாக நின்றார். நான் ஜின்னை ஊற்றி, கஷாயத்தைத் தாராளமாக விட்டு, சோடாவை உடைத்து ஊற்றி, தென்னை ஈர்க்கால் ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொடுத்தேன்.

உதடு வைத்து உறிஞ்சியிருந்தால் முதல் சொட்டிலேயே நிறுத்தியிருப்பார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டதால், நாக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதற்குள் அரை டம்ளர் தொண்டைக்குள் போய்விட்டது. சோடா மூக்கு வழியாக வந்தது. நாற்காலி சாய்ந்தது. நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தோடு ஓடிவந்தார்கள்.

"வெசம்... வெசம் வச்சிட்டானுங்க" என்றார் சின்னப்பண்ணை, வைக்கோல்மேல் வாந்தி எடுத்துக்கொண்டே.

அப்பா குனிந்து, தரையில் கவிழாமல் நின்ற டம்ளரை எடுத்தார். அதே டம்ளரில் உதட்டை வைத்து, மிச்சம் இருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கசக்குது. வெசமில்ல" என்றார். பிறகு காகிதத்தை நீட்டினார். "கையெழுத்துங்கய்யா."

"கையெழுத்தா? நீ எவன்னே எனக்குத் தெரியாது போடா" என்று கத்திவிட்டுச் சின்னப்பண்ணை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அப்பா களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருட உழைப்பை நான் ஒரு டம்ளரில் கலந்து கொட்டிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அம்மா மிச்சக் கஷாயத்தைச் சொம்போடு கொண்டுவந்து வைத்தாள். ஏட்டு ஒரு மடக்குக் குடித்து, முகத்தைச் சுளித்து, "நெலவேம்பு. ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார். வேண்டாவெறுப்பாகப் புகாரை எடுத்துப் படித்தார். விவசாய சங்கத்திலிருந்து எங்களுக்காக வந்திருந்த தோழர், பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏட்டய்யா, அந்த வரிய இன்னொரு தரம் படிங்க."

விஷம் வைத்தான் என்றால் ஏன் வைத்தான் என்று எழுத வேண்டுமல்லவா? சின்னப்பண்ணை தன் கைப்பட எழுதியிருந்தார்: "எனது ஆறு மா நஞ்சையைப் பதினெட்டு வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் மேற்படி கோவிந்தன், குத்தகைப் பதிவுக்கு நான் சம்மதிக்காத விரோதத்தில்..." கீழே தெளிவான கையெழுத்து.

விஷ வழக்கு அன்றைக்கே ஒன்றுமில்லாமல் போனது. புகாரின் நகல் தாசில்தார் மேஜைக்குப் போனது. அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் கோபம் போகவில்லை. நிஜத்தை எழுதித் தரும்படி ஒரு மனிதன் கைகட்டிக் கேட்டபோது வராத எழுத்து, அவனை உள்ளே தள்ள வேண்டும் என்றதும் எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்.

டெங்கு பரவிய வருடம், அரசாங்கமே தெருமுனையில் அண்டா வைத்து நிலவேம்புக் கஷாயம் கொடுத்தது. திருவாரூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ஒன் கிளப்புச் சரக்க இங்க சும்மாவே ஊத்துறாங்கடா. வரிசைல நிக்கிறேன். குடிச்சிட்டு எந்த நெலத்துக்குக் கையெழுத்துப் போடணும்னு கேட்டேன், நர்சம்மா மொறைக்கிறாங்க."